இளம் மருத்துவருக்கு வேலை தேடும் வழி: துறை முதல் ஒப்பந்தம் வரை

பயிற்சிக் காலம் முடியப்போகும் மாதத்தில் இளம் மருத்துவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடு அலைவார்கள். "எந்தத் துறை நல்ல துறை?" ரவுண்ட்ஸ் முடிந்து கை கழுவும்போது கேட்பார்கள். நள்ளிரவில் ரத்த மாதிரிக் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டே கேட்பார்கள். சீனியர்களின் பதில் பெரும்பாலும் வருமானத்தைப் பற்றியோ, தேர்வில் என்ன ரேங்க் வரும் என்பதைப் பற்றியோ இருக்கும். இரண்டையும் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பித் துறையை எடுத்து, ஐந்தாம் ஆண்டில் காலையில் எழுந்து வேலைக்குப் போக மனமில்லாமல் தவித்த நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன். திறமையில் அவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. துறையின் மிகச் சிறந்த நாளைப் பார்த்து மயங்கிவிட்டார்கள்; அதன் சாதாரண நாளைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார்கள்.

எனவே துறையைத் தேர்ந்தெடுக்கும்போதும், முதல் வேலையைப் பிடிக்கும்போதும், வெளிநாடு போக நினைக்கும்போதும், மருத்துவமனைக்கு வெளியே வேலை தேடும்போதும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்: விசேஷமாக எதுவும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருப்பேன், பக்கத்தில் யார் இருப்பார்கள்?

முதல் படி: சட்டைப்பையில் ஒரு நோட்டு

பயிற்சியில் ஒவ்வொரு துறைக்கும் சில வாரங்கள் உங்களை அனுப்புவார்கள். அந்த வாரங்களைக் கையெழுத்து வாங்கும் சடங்காகக் கழித்துவிடாதீர்கள். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு தினமும் டியூட்டி முடிந்ததும் மூன்று வரி எழுதுங்கள். இன்று எந்த நேரம் போனதே தெரியவில்லை? எப்போது கடிகாரத்தைப் பார்த்தேன்? நான் செய்த வேலையில் எது நாளைக்கும் நாளை மறுநாளும் திரும்ப வரும்? மூன்றாவது வரிதான் முக்கியம். அரிதான நோயும் அபூர்வமான அறுவை சிகிச்சையும் மாதத்துக்கு ஒருமுறை வரும். மீதி நாள்களை நிரப்புவது திரும்பத் திரும்ப வரும் வேலை.

நான் அறுவை சிகிச்சை நிபுணர் ஆகப் போகிறேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டு வேறு கதை சொன்னது. ஆபரேஷன் தியேட்டரில் நின்ற நாள்களில் கடிகாரத்தைப் பார்த்த குறிப்பு நாலைந்து முறை இருந்தது. பொது மருத்துவ வார்டில் இருந்த ஒரு நாளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அடிக்கடி தலைசுற்றிக் கீழே விழுகிறார் என்று ஒரு வயதான அம்மாவைச் சேர்த்திருந்தார்கள். ஸ்கேன் எல்லாம் சரியாக இருந்தது. அவர் கொண்டுவந்திருந்த மருந்துப் பையைக் கட்டிலின் மேல் கவிழ்த்து, ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன். வெள்ளை அட்டை ஒன்று, பச்சை அட்டை ஒன்று. வணிகப் பெயர்கள் வேறு, உள்ளே இருந்த ரத்த அழுத்த மருந்து ஒன்றே. இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக எழுதிக்கொடுத்ததை அவர் ஒழுங்காக, ஒரு வேளை தவறாமல், இரண்டையும் விழுங்கியிருக்கிறார். பச்சை அட்டையை நிறுத்தினோம். மூன்றாம் நாள் சுவரைப் பிடிக்காமல் நடந்தார். அந்த நாற்பது நிமிடம் போனதே எனக்குத் தெரியவில்லை. என் துறை எது என்பதை நான் கண்டுகொண்டது அங்கேதான்.

உங்கள் நோட்டு வேறொன்றைக் காட்டலாம். சிலருக்குக் கையால் செய்து முடித்து, முடிந்தது என்று கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி. அவர்கள் அறுவை சிகிச்சை, மயக்கவியல், எலும்பியல் பக்கம் போகலாம். ஒரே குடும்பத்தை இருபது ஆண்டு பார்த்துக்கொள்வதில் மகிழ்பவர்களுக்குக் குடும்ப மருத்துவமும் குழந்தைகள் நலமும் இருக்கின்றன. பேச்சைவிட உருவங்களில் மனம் ஊன்றுபவர்களுக்குக் கதிரியக்கவியலும் நோய்க்குறியியலும் பொருந்தும். யாரென்றே தெரியாத ஒருவரின் மிக மோசமான அரை மணி நேரத்தில் நிதானமாக நிற்க முடிந்தவர்களுக்கு அவசர சிகிச்சை. மனநல மருத்துவத்துக்கு மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளும் காது வேண்டும். எனக்கு அது இல்லை என்பதை இரண்டே வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

செயற்கை நுண்ணறிவு இந்தத் துறையை விழுங்கிவிடும், அந்தத் துறை அழிந்துவிடும் என்ற பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கதிரியக்கவியல் மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்று 2016-இல் ஜெஃப்ரி ஹிண்டன் சொன்னார். செயற்கை நுண்ணறிவுத் துறையின் மிகப் பெரிய அறிஞர்களில் ஒருவர் அவர். கதிரியக்கவியல் மருத்துவர்களைத் தேடும் விளம்பரங்கள் இன்றும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. கருவிகள் மாறும், வேலையின் உருவமும் மாறும். அதற்கு அஞ்சிப் பிடித்த துறையைக் கைவிட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரண்டாம் படி: ஆண்டுக் கணக்கு

துறைக்குத் துறை பயிற்சிக் காலம் பெரிதும் மாறும். அமெரிக்காவை எடுத்துக்கொண்டால் குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தைகள் நலம் ஆகியவற்றுக்கு 3 ஆண்டுகள். பொது அறுவை சிகிச்சைக்கு 5. நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு 7. இதய மருத்துவம் போன்ற உட்பிரிவுக்குப் போக வேண்டுமானால் அதற்கு மேலும் சில ஆண்டுகள் வேண்டும். பிரிட்டனில் பட்டம் பெற்றதும் 2 ஆண்டு அடிப்படைப் பயிற்சி, அதன்பின் பொதுநல மருத்துவர் ஆக 3 ஆண்டு. நீங்கள் படிக்கும் நாட்டின் கணக்கை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் உங்கள் வயதையும், கல்விக் கடன் தவணையையும், வீட்டில் உங்களை நம்பியிருப்பவர்களையும் எழுதுங்கள். தயங்காமல் எழுதுங்கள். பணத்தைப் பற்றி யோசிப்பது மருத்துவருக்கு அழகில்லை என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டவர்கள்தான் பிற்பாடு பணத்துக்காகவே வேலை மாறிக்கொண்டிருக்கிறார்கள்.

இடங்களை வரிசைப்படுத்திக் கேட்கும் முறையில் சேர்க்கை நடந்தால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1952 முதல் மருத்துவர்களையும் பயிற்சி இடங்களையும் பொருத்தும் பொது ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதன் கணக்கு முறையைப் பின்னாளில் திருத்தி அமைத்தவர்களில் ஒருவரான பொருளியலாளர் ஆல்வின் ராத், லாயிட் ஷேப்லியுடன் சேர்ந்து 2012-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த முறையில் உங்கள் பட்டியலில் முதலில் உள்ள இடத்தைத்தான் கணினி முதலில் கேட்டுப் பார்க்கும். அது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும். முதல் இடத்துக்கு ஆசைப்பட்டதால் இரண்டாம் இடத்தில் உங்கள் வாய்ப்பு குறையாது. ஆகவே "கிடைக்காது" என்று பயந்து பிடித்த இடத்தைக் கீழே தள்ளுவதால் நஷ்டம் உங்களுக்குத்தான். மனத்தில் உள்ள வரிசையை அப்படியே எழுதுங்கள். வேறு முறையில் கலந்தாய்வு நடக்கும் நாடுகளில் விதி வேறாக இருக்கும்; விண்ணப்பிக்கும் முன் அந்த விதிப்புத்தகத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: முதல் வேலை

முதல் வேலையில் சம்பளத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. இரவு இரண்டு மணிக்கு நீங்கள் போன் செய்தால் எடுப்பது யார், எப்படிப் பேசுவார்?

என் முதல் ஆண்டில் ஒரு நோயாளிக்கு மூச்சுத் திணறல் கூடிக்கொண்டே போனது. எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, சீனியரைக் கூப்பிடலாமா, திட்டுவாரா என்று பத்து நிமிடம் யோசித்தேன். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இன்றும் வயிறு கலங்கும். கடைசியில் கூப்பிட்டேன். "படத்தில் என்ன தெரிகிறது, நீயே சொல்" என்றார். நான் சொல்லச் சொல்ல, அவர் படி இறங்கும் சத்தமும் கார் கதவு திறக்கும் சத்தமும் போனில் கேட்டன. வந்தவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை, நோயாளியின் கழுத்து ரத்தக்குழாயைப் பார்த்தார். எல்லாம் முடிந்து விடிந்தபின், "அடுத்த தடவை பத்து நிமிடம் முன்னால் கூப்பிடு" என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேஸ் ஷீட்டில் நேரம் இருந்தது.

அப்படி ஒருவர் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். இதை விளம்பரத்தில் போட மாட்டார்கள். நேர்காணலுக்குப் போகும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் இளம் மருத்துவரைத் தனியே பார்த்துக் கேளுங்கள். இரவில் சீனியர் நேரில் வருவாரா, போனிலேயே முடித்துவிடுவாரா? தவறு நடந்தால் எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்களா, ஒருவரைக் குற்றவாளியாக்குவார்களா? உங்களுக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார்? மூன்றாவது கேள்விக்கு அவர் தரையைப் பார்த்தால் கவனமாக இருங்கள். செவிலியர்களிடமும் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். ஒரு வார்டின் உண்மை நிலை அவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கே சேர்வது என்று முடிவாகாவிட்டால் சில மாதங்கள் தற்காலிகப் பணி பாருங்கள். விடுப்பில் போனவருக்குப் பதிலாக இரண்டு வாரம், ஒரு மாதம் என்று மருத்துவர்களை எடுப்பது பல நாடுகளில் வழக்கம். சிறிய மருத்துவமனை, பெரிய மருத்துவமனை, ஊரகச் சுகாதார நிலையம் மூன்றையும் உள்ளே இருந்து பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் பயிற்சி முடிந்த உடனே, தனியாக இரவுப் பொறுப்பு ஏற்கும் தற்காலிகப் பணியை எடுக்காதீர்கள். கூடுதல் பணம் கொடுக்கிறார்கள் என்றால், எதற்காக என்று கேளுங்கள்.

வார்டில் சேர்ந்த நோயாளிகளை மட்டுமே பார்த்துக்கொள்ளும் மருத்துவர் பணி இப்போது பல இடங்களில் தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் 'ஹாஸ்பிட்டலிஸ்ட்' என்ற பெயரே 1996-இல்தான் கிடைத்தது. ராபர்ட் வாச்டரும் லீ கோல்ட்மனும் எழுதிய கட்டுரையில். ஒரு தலைமுறைக்குள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலையாகிவிட்டது. இன்று பெயரில்லாத ஒரு வேலை பத்தாண்டில் உங்கள் வேலையாகலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

நான்காம் படி: ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

சம்பளம் முதல் பக்கத்தில் இருக்கும். உங்களை வருத்தப்போவது பின்பக்கங்களில் இருக்கும். என் முதல் ஒப்பந்தத்தில் "வாரம் 48 மணி நேரம்" என்று தெளிவாகப் போட்டிருந்தது, மகிழ்ந்து கையெழுத்திட்டேன். நான்காம் பக்கத்தில், அழைப்புப் பணி இந்தக் கணக்கில் சேராது என்று ஒரு வரி இருந்தது. அழைப்புப் பணி என்றால் என்ன என்று எங்கும் வரையறுக்கவில்லை. அந்த ஒரு வரியால் ஓராண்டு முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளை இழந்தேன்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் யாருக்கு ஆலோசனை சொன்னாலும் மணி நேரத்திலிருந்துதான் தொடங்குவேன். அமெரிக்காவில் 2003 முதல் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம் உச்சவரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி சராசரியாக 48 மணி நேரம். உங்கள் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அதன்பின், இரவு வேலை பார்த்த மறுநாள் காலை வீட்டுக்குப் போகலாமா, அழைப்புப் பணியில் மருத்துவமனையிலேயே தங்க வேண்டுமா, அதற்குத் தனி ஊதியம் உண்டா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி வாக்குறுதி கொடுத்தவர் அடுத்த ஆண்டு வேறு ஊருக்கு மாறிப் போயிருப்பார்.

காப்பீட்டு விஷயத்தில் இளம் மருத்துவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு இரண்டு வகை. முதல் வகையில், பாலிசி இருந்த காலத்தில் நடந்த சிகிச்சைக்கு எத்தனை ஆண்டு கழித்து வழக்கு வந்தாலும் காப்பு உண்டு. மற்றதில், பாலிசி நடப்பில் இருக்கும்போதே வழக்கும் வர வேண்டும். நீங்கள் வேலையை விட்டு, பாலிசியும் முடிந்த மறு மாதம் பழைய சிகிச்சைக்காக நோட்டீஸ் வந்தால் இரண்டாம் வகையில் உங்களுக்குக் காப்பு கிடையாது. அந்த இடைவெளியை மூடத் தனியாக நீட்டிப்புக் காப்பு வாங்க வேண்டும், அதற்குப் பணம் கணிசமாகவே ஆகும். யார் கட்டுவது, நீங்களா மருத்துவமனையா? சேரும் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது. போகும் நாளில் கேட்டால் பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது.

இன்னும் சில வரிகளில் நின்று படியுங்கள். வேலையை விட்டபின் இத்தனை கிலோமீட்டருக்குள் இத்தனை ஆண்டு தொழில் செய்யக் கூடாது என்ற தடை இருக்கிறதா? இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பிணை இருக்கிறதா, எவ்வளவு? சம்பளத்தில் ஒரு பகுதி, எழுதும் பரிசோதனைகளையோ செய்யும் அறுவை சிகிச்சைகளையோ வைத்துக் கணக்கிடப்படுகிறதா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால் நான் அந்த இடத்துக்குப் போக மாட்டேன். அவசியமில்லாத ஸ்கேனை எழுதுவதா என்ற தயக்கம் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் உங்களைத் துரத்தும். நோயாளி உங்கள் எதிரே நம்பி உட்கார்ந்திருப்பார்.

"நிர்வாகம் ஒதுக்கும் இதர பணிகள்" என்ற வரியைப் பார்த்தால், எவை என்று எழுதச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: வெள்ளை அங்கியைக் கழற்றிய பின்னும் மருத்துவராக இருக்கலாம்

நோயாளியின் நாடியைப் பிடிக்காத வேலை மருத்துவ வேலையே இல்லை என்று நம்பும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் அவர்கள் சொல்வது சரியில்லை. பிரான்சிஸ் கெல்சி என்ற மருத்துவர் 1960-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தில் சேர்ந்தார். தொடக்கத்திலேயே அவர் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் ஒன்று தாலிடோமைடு. பல நாடுகளில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த மருந்து. பாதுகாப்புக்கான சான்று போதவில்லை என்று அவர் திரும்பத் திரும்பக் கூடுதல் தரவு கேட்டார். நிறுவனம் நெருக்கியும் அசையவில்லை. 1961-இல் அந்த மருந்தால் கை கால் வளர்ச்சியின்றிக் குழந்தைகள் பிறப்பது உறுதியாகி, மருந்து திரும்பப் பெறப்பட்டது. ஒரு மேசையில் உட்கார்ந்து "இது போதாது" என்று எழுதிய மருத்துவர் காப்பாற்றிய குழந்தைகளுக்குக் கணக்கில்லை.

மருந்து ஒழுங்குமுறை, மருத்துவ ஆய்வு, பக்கவிளைவுக் கண்காணிப்பு ஆகிய மூன்றும் அருகருகே உள்ள துறைகள். ஆய்வுகளின் கட்டங்கள், புள்ளியியலின் அடிப்படை, தெளிவாக எழுதும் பழக்கம் இவை வேண்டும். வார்டில் இரண்டு மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் போனால், காகிதத்தில் "லேசான தலைசுற்றல்" என்று படிக்கும்போது சுவரைப் பிடித்து நடக்கும் ஒரு மனிதர் உங்கள் கண்முன் வருவார். அதனால்தான் பட்டம் வாங்கிய கையோடு இந்தப் பக்கம் போக வேண்டாம் என்கிறேன்.

பொதுச் சுகாதாரம் மற்றொரு பெரிய வாசல். நோய்ப் பரவலைத் துப்பறியும் மருத்துவர்களுக்காக அலெக்சாண்டர் லாங்மியூர் 1951-இல் அமெரிக்காவில் தொடங்கிய இரண்டாண்டுப் பயிற்சித் திட்டம் இன்றும் நடக்கிறது. அதைப் பார்த்து, களத்தில் இறக்கிவிட்டே கற்பிக்கும் பயிற்சிகள் பல நாடுகளில் உருவாகியிருக்கின்றன. இங்கே சாதாரண நாள் எப்படியிருக்கும்? அட்டவணைகள், தொலைபேசி அழைப்புகள், கூட்டங்கள், மறுபடியும் அட்டவணைகள். நல்ல நாளில், எந்தக் கிணற்றை மூட வேண்டும் என்று தெரியவரும். எண்களுக்குப் பின்னால் முகங்களைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு மனநிறைவான வேலை.

தொழிற்சாலை மருத்துவர், சட்டம் சார்ந்த மருத்துவம், காப்பீட்டு ஆய்வு, மருத்துவத் தகவல் தொழில்நுட்பம், மருத்துவ எழுத்து, தொலைமருத்துவம், கல்லூரி ஆசிரியர் பணி ஆகியவையும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டுரை வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: இவற்றில் எதற்குப் போனாலும் மருத்துவப் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். புதுப்பித்துக்கொண்டே இருந்தால் திரும்பி வரும் கதவு திறந்திருக்கும்.

போர், பேரிடர், அகதி முகாம் ஆகிய இடங்களில் பணிபுரிய விரும்புகிறவர்களுக்கு 1971-இல் தொடங்கிய எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகள் உள்ளன. அங்கே போகும் மருத்துவருக்கு உற்சாகம் மட்டும் போதாது. ஆய்வுக்கூடம் இல்லாமல் நோயைக் கணிக்கவும், தனியே முடிவெடுக்கவும், சகிக்க முடியாததைப் பார்த்தபின் தூங்கவும் தெரிய வேண்டும். தனிமை என்றால் எவ்வளவு தனிமை என்பதற்கு ஓர் எல்லை உண்டு: அண்டார்க்டிகாவின் நோவலாசரெவ்ஸ்கயா சோவியத் நிலையத்தில் இருந்த ஒரே மருத்துவரான லியோனித் ரோகசோவ், 1961 ஏப்ரலில் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். அப்போது அவருக்கு வயது 27. தொலைதூரப் பணிக்குக் கையெழுத்திடும் முன், அங்கே உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆறாம் படி: வெளிநாடு

வெளிநாட்டுக்குப் போக மூன்று சாவிகள் வேண்டும்: தேர்வு, மொழி, காகிதம். மூன்றாவதில்தான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிரிட்டனுக்குப் பிளாப் தேர்வு இரண்டு பகுதிகள், மொழிக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு என்றால் மொத்தத்தில் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 7. அமெரிக்காவுக்கு யு.எஸ்.எம்.எல்.இ. என்ற உரிமத் தேர்வு பல கட்டங்களாக நடக்கிறது. அதன் முதல் கட்டத்தில் 2022 ஜனவரி முதல் மதிப்பெண் இல்லை, தேர்ச்சி அல்லது தோல்விதான். இதனால் இரண்டாம் கட்டத்தின் மதிப்பெண்ணுக்கும், அமெரிக்க மருத்துவமனையில் நேரில் பெற்ற அனுபவத்துக்கும், பரிந்துரைக் கடிதத்துக்கும் எடை கூடிவிட்டது. ஜெர்மனியில் ஜெர்மன் மொழியில் நோயாளியிடம் விசாரித்து, சக மருத்துவரிடம் சொல்லி, குறிப்பும் எழுதிக் காட்ட வேண்டிய தனித் தேர்வு இருக்கிறது. வளைகுடா நாடுகளில் சான்றிதழ்களை வழங்கிய கல்லூரியிடமே நேரடியாகக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். உங்கள் கல்லூரி அலுவலகம் பதில் அனுப்பத் தாமதித்தால் உங்கள் வேலை காத்திருக்காது.

ஆகவே பயிற்சி முடியும் மாதத்திலேயே ஒரு கோப்பைத் தயார் செய்யுங்கள். பட்டச் சான்றிதழ், எல்லா ஆண்டு மதிப்பெண் பட்டியல்கள், பயிற்சி முடித்த சான்று, பதிவுச் சான்றிதழ், நாள் தேதியோடு பணி அனுபவக் கடிதங்கள். எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருந்ததால் எட்டு மாதம் இழந்தவரை எனக்குத் தெரியும். மருத்துவக் கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்றைக் கடைசியாக வாங்குங்கள். பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வாங்கியதைத்தான் ஏற்பார்கள்.

ஏஜென்டுகள் வருவார்கள். நல்லவர்களும் உண்டு. உங்கள் அசல் சான்றிதழைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று: மருத்துவப் பணியாளர் பற்றாக்குறை கடுமையாக உள்ள நாடுகளின் பட்டியலை உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்டிருக்கிறது, 2023 பட்டியலில் 55 நாடுகள். அங்கே போய் ஆள் எடுக்கும் நாடுகளுக்குச் சில நெறிகள் வகுத்திருக்கிறது. உங்கள் நாடு அதில் இருந்தாலும் தனிப்பட்ட முறையில் நீங்கள் விண்ணப்பிக்க அது தடையாகாது.

அங்கேயும் செவ்வாய்க்கிழமைக் கேள்வியைக் கேளுங்கள். தேர்வுக்கு மூன்றாண்டு படித்தவர்களில் பலர், அந்த நாட்டின் சாதாரண வார்டில் ஒரு மருத்துவர் எத்தனை மணி நேரம் கணினி முன் உட்கார்கிறார் என்பதைப் போன பிறகுதான் பார்க்கிறார்கள். ஏற்கெனவே போனவரிடம் சம்பளத்தைக் கேட்காதீர்கள், நேற்று என்ன செய்தார் என்று கேளுங்கள்.

ஏழாம் படி: விண்ணப்பமும் நேர்காணலும்

இதை நீட்ட வேண்டியதில்லை. இரண்டு பக்கத்துக்கு மேல் தன்விவரம் வேண்டாம். "பல்வேறு சிகிச்சை முறைகளில் தேர்ச்சி" என்று எழுதுவதால் பயனில்லை. எத்தனை முதுகுத்தண்டு நீர் எடுத்தீர்கள், எத்தனை பிரசவம் பார்த்தீர்கள், அதில் எத்தனை தனியாக என்று எண்ணோடு எழுதுங்கள். நேர்காணலில் "நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். உண்மையான ஒன்றைச் சொல்லுங்கள். அதன்பின் எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். நான் மேசையின் மறுபக்கம் உட்காரத் தொடங்கியபின் கண்டது, தவறே செய்யாதவர்களைவிடத் தன் தவறைத் தேதியோடு நினைவு வைத்திருப்பவர்களிடம் நோயாளிகளை நம்பி ஒப்படைக்க முடிகிறது.

எட்டாம் படி: திரும்பிப் போவதற்கும் வழி உண்டு

தேர்ந்தெடுத்த துறை பொருந்தவில்லை என்று தெரிந்தால் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர். இறக்கும் தறுவாயில் இருப்பவர்களின் வலியைக் குறைக்க வேண்டுமானால் மருத்துவராக வேண்டும் என்று படிக்கப் போய், நாற்பதை நெருங்கும்போது, 1957-இல் பட்டம் பெற்றார். 1967-இல் லண்டனில் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்திலிருந்துதான் இன்றைய நோய்த்தணிப்பு சிகிச்சை வளர்ந்தது. முதலிரண்டு வேலையில் கழிந்த ஆண்டுகள் வீணாகவில்லை. வலியை எந்தெந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று அவருக்கு அவையே கற்பித்தன.

மாறுவதென்று முடிவெடுக்கும் முன் ஒரு மாதம் விடுப்பு எடுத்துப் பாருங்கள். பிடிக்காதது துறையா, அந்த மருத்துவமனையா, வெறும் தூக்கமின்மையா என்பது பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில் தெரிந்துவிடும். தூக்கமின்மையைத் துறையின் குற்றமாக நினைத்து நல்ல துறையை விட்டவர்கள் உண்டு. உள்ளம் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல், உயிரோடு இருப்பதே சுமையாகத் தோன்றினால் வேலையைப் பற்றிய முடிவைத் தள்ளிவையுங்கள். அன்றே ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள். நோயாளியாக அவர் முன்னால் உட்காருவது மருத்துவருக்குக் கடினமாக இருக்கும். இருந்தாலும் உட்காருங்கள்.

ஓர் இடத்தை விட்டுப் போகும்போது அறிவிப்புக் காலம் முழுவதும் வேலை பாருங்கள். உங்கள் நோயாளிகளின் பட்டியலை அடுத்து வருபவருக்கு எழுதிக் கொடுங்கள்: யாருக்கு எந்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை, எந்த மகளுக்கு நாளை போன் செய்வதாகச் சொன்னீர்கள், எந்தக் கட்டிலில் இருப்பவருக்கு இரண்டு நிற அட்டைகளில் ஒரே மருந்து இருந்தது. அனுபவக் கடிதத்தைக் கடைசி நாளிலேயே, முத்திரையோடு, மூன்று பிரதிகள் வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளிகளின் பெயரோ எண்ணோ இல்லாமல் நீங்கள் எழுதிவந்த அந்தச் சின்ன நோட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நேர்காணலுக்கு முந்தைய இரவு அது தேவைப்படும்.